சாதாரண முகம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சலவைக் கடை நடத்துகிறவளுக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. "நான் குடுக்கும்போது இந்தக் கறை இல்லையே" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதரிடம், கறை அவர் வீட்டிலிருந்தே கிளம்பி வந்தது என்று சொல்லவும் வேண்டும், அவர் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த மூட்டையைக் கொண்டுவரவும் வேண்டும். இத்தனை வருஷமாக அதைக் குறைவில்லாமல் செய்துவந்தேன். என் நாக்கு என்னைக் காட்டிக்கொடுக்காது என்ற நினைப்பில் இருந்தேன்.

கடையின் முன்பக்கம் கல்லா, துணி வாங்குகிற மேடை. அதற்குப் பின்னால் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் வேலை அறை. அங்கே ஒரு நீள மேஜை, மேஜைக்கு நேர் மேலே இரண்டு குழல் விளக்கு. வருகிற துணியை அதில் விரித்து, எங்கே கறை, எங்கே கிழிசல், எந்தப் பட்டன் தொங்குகிறது என்று பார்த்துச் சீட்டுக் குத்திய பிறகுதான் இயந்திரத்துக்குள் போடுவோம். அந்த மேஜைதான் என் தம்பிக்கு இடம். வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். முன் தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, இன்னும் சின்னவன்தான்.

படிக்கப் போன இடத்தில் அவனுக்கு நோய் வந்தது. மனச்சிதைவு என்றார்கள். காதுக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்பான், பதிலுக்கு இவனும் பேசுவான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னோடு வந்துவிட்டான். மாத்திரையில் குரல்கள் அடங்கின. முழுக்கப் போய்விடவில்லை, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி சன்னமாக ஓடிக்கொண்டிருக்கும் என்பான். அதற்கு அவ்வப்போது முணுமுணுவென்று பதில் சொல்லிக்கொண்டே துணியைத் திருப்புவான். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது வேறு. மனிதர்கள் முகத்தை அவன் பார்க்க மாட்டான். யாரைப் பார்த்தாலும் முறைக்கிறார்கள் என்பான். என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றாலும், "மாமா ஏன்க்கா கோவமா இருக்காரு?" என்று என்னிடம் வந்து கேட்பான்.

"காது மட்டும் இல்லம்மா, இந்த நோய்ல கண்ணும் தப்புத் தகவல் குடுக்கும்" என்றார் டாக்டர். "கண்ணுல குறை கிடையாது. கண்ணு அனுப்புறத மூளை வாங்கிப் பிரிக்குற இடத்துல குழப்பம். அதுக்கு இங்க ஒரு பார்வைப் பயிற்சி நடத்துறோம். மாத்திரைய நிறுத்தக் கூடாது, இது அதுக்கு மேல. எல்லாருக்கும் பலன் குடுக்கும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணிப் பாக்கலாமா?"

"கண்ணாடி போட்டா சரியாயிடாதா டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துக்கொண்டேன்.

டாக்டரின் மையத்தில் பயிற்சி நடத்தியது ஒரு பெண். காதோரம் பேனாவைச் செருகிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசுவாள். சின்னவன் அவளை டீச்சர் என்றான், பிறகு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முதலில் வெறும் கோடுகள். சாம்பல் நிறத் திரையில் மங்கலாகச் சில கோடுகள் வந்து மறையும். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று பொத்தானை அமுக்க வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்லக் கோடு இன்னும் மங்கும். எனக்குத் தெரியாத வித்தையா என்று நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், திரையில் ஒன்றுமே இல்லாமல் ஏமாற்றுகிறீர்கள் என்று டீச்சரிடம் சண்டைக்குப் போனேன்.

"இருக்குக்கா. வலது பக்கம் சாஞ்சிருக்கு" என்று பின்னாலிருந்து சொன்னான் சின்னவன்.

அடுத்து புள்ளிகள். கொட்டிவிட்ட கடுகு மாதிரி திரை முழுக்கப் புள்ளிகள் ஓடும், கூட்டம் எந்தத் திசைக்குப் போகிறது என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் வேலைக்கு ஆகுமா என்று எனக்குச் சந்தேகம். வாய்விட்டும் சொன்னேன். "கோட்டப் பாத்துக் குடும்பம் பண்ண முடியுமா?" என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர், "நீ கொஞ்சம் சும்மா இரேன்" என்றார்.

பலன் எங்கள் மேஜையிலேயே வந்தது. ஒரு நாள் வெளுத்து வந்த படுக்கை விரிப்பை இஸ்திரிக்கு எடுத்தேன். சின்னவன் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அக்கா, இங்க ஒண்ணு இருக்கு."

"எங்கடா இருக்கு? பால் மாதிரி இருக்கு துணி."

"இருக்குக்கா."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேலை கெடுகிறதே என்ற எரிச்சலில் பெட்டியை வைத்து இழுத்தேன். அவன் விரல் வைத்த இடத்திலேயே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக எழும்பி வந்தது. சர்க்கரைத் தண்ணீர் சிந்தின கறை அப்படித்தான். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, சூடு பட்டால் மேலே வந்துவிடும், பிறகு லேசில் போகாது. அன்றிலிருந்து அவன் பார்த்து முடிக்காமல் எதையும் இஸ்திரிக்கு விடுவதில்லை. "நம்ம கடைக்கு இனி இவன்தாண்டி முதலாளி" என்றார் வீட்டுக்காரர். சின்னவன் அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "மாமா கிண்டல் பண்றாரு" என்றான். அவர் கோபமாக இருப்பதாகச் சொல்லவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசிக் கட்டம் முகங்கள். திரையில் ஒரு முகம் வரும், கீழே பொத்தான்கள்: சந்தோஷம், துக்கம், கோபம், பயம், அவமானம், சாதாரணம். முன்பின் தெரியாதவர்கள் முகங்களைச் சீக்கிரமே பிடித்துவிட்டான். அதன் பிறகு வீட்டார் முகங்கள். இதையும் தாண்டிவிட்டால் அவனுக்கு ஒரு வேலை காத்திருந்தது. அந்த மையத்தில் பயிற்சி முடித்தவர்களை எடுத்துக்கொள்கிற ஒரு செடிப்பண்ணை. தொட்டி மாற்றுவது, தண்ணீர் விடுவது, வாங்க வருகிறவர்களிடம் எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில் என்று சொல்வது. ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டினார்கள். திரும்பி வந்தவன், சாப்பாட்டு நேரம் வரை நகக்கண்ணில் இருந்த மண்ணைக் கழுவவில்லை. தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவன் கேட்டு வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டான்: "அங்க என்னைய எப்பக்கா சேத்துப்பாங்க?"

வீட்டார் முகங்களுக்குப் படம் எடுத்து அனுப்பும் பொறுப்பை டீச்சர் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். "மத்ததெல்லாம் நடிச்சாலும் பரவாயில்ல சார். சாதாரண முகத்த மட்டும் அவங்களுக்குத் தெரியாம எடுங்க. கேமராவுக்கு முன்னாடி நின்னா யாருக்கும் அது வராது" என்றாள். மனிதருக்குக் குஷி தாங்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே திரிந்தார். "உன் கோவ முகத்துக்கு ஏகப்பட்ட படம் கைவசம் இருக்கு. எத அனுப்பட்டும்?" என்றார். ஒவ்வொன்றையும் அனுப்பும்போது இது இன்ன முகம் என்று எழுதியும் அனுப்பினார். அவர் எழுதினதுதான் அங்கே விடை.

அந்த நாட்களில் ஒரு காலை விடுதியம்மா கடைக்கு வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய தங்கும் விடுதியின் மேனேஜர். விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் எங்களிடம்தான் போடுகிறார்கள். எப்போதும் ஆள் அனுப்புவார், அன்றைக்கு அவரே வந்திருந்தார். நீலக் கோடு போட்ட திரைச்சீலைகள் மேடையில் குவிந்து கிடந்தன. எண்ணிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சின்னவனின் முணுமுணுப்பு கேட்டது. அந்தம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"உள்ள யாருங்க, தனியா பேசிட்டு இருக்காரு?"

என் தம்பி. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். எனக்கு ஏன் அது வரவில்லை என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பளபளவென்று தலைவாரி, மடிப்புக் கலையாமல் நின்ற அந்த அம்மா, அடுத்த தடவை என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று ஒரு பதற்றம். இவள் குடும்பத்தில் இப்படி ஒன்றா என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். நாக்கு தன்பாட்டுக்கு ஓடியது.

"வேலைக்கு வச்சிருக்க ஆளுங்க. கொஞ்சம் ஒரு மாதிரி. போக்கிடம் இல்ல, பாவம்னு வச்சிருக்கேன்."

"உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்றார் அவர்.

அதற்கும் சிரித்தேன். திரைக்குப் பின்னால் முணுமுணுப்பு நின்றிருந்தது. நான் திரும்பி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன். பிறகு திரைச்சீலைகளை விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன். சின்னவன் மத்தியானம் பேசாமல் சாப்பிட்டான். அவன் பேசிச் சாப்பிட்ட நாளே குறைவு, அதனால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். மையத்திலிருந்து என்னையும் வீட்டுக்காரரையும் வரச் சொன்னார்கள். டாக்டர் அறையில் டீச்சர் கணினியைத் திருப்பி வைத்தாள்.

"எல்லா முகமும் சரியா சொல்றார் அக்கா. உங்க கோவம், சிரிப்பு, அழுகை, எதுவும் தப்பல. இந்த ஒண்ணுதான். எத்தன தடவ போட்டாலும் அவமானம்னு அமுக்குறார்."

படத்தைப் பார்த்தேன். எங்கள் கடை மேடை. மேடையில் நீலக் கோடு போட்ட திரைச்சீலைக் குவியல். ஓரத்தில் விடுதியம்மாவின் தோள் மட்டும் தெரிகிறது. நடுவில் நான், கழுத்தைப் பின்னால் வேலை அறைத் திரைப் பக்கம் பாதி திருப்பியபடி. உதட்டில் சிரிப்பு கொடியில் போட்ட துணி மாதிரி தொங்குகிறது, கண்ணில் அது இல்லை. அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்ததே கிடையாது. படத்துக்குக் கீழே என் வீட்டுக்காரர் எழுதியது: சாதாரணம்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார் அவர் பக்கத்திலிருந்து. "தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்தேன். இவளுக்குத் தெரியவே தெரியாது."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "வெளியாளுங்க முகமெல்லாம் சரியா தெரியுது. கூடப் பொறந்த அக்காவோட சாதாரண முகத்துல மட்டும் அவமானம் தெரியுது. அப்படின்னா, நம்மால அக்காவுக்குத் தலைகுனிவுங்குற எண்ணம் அவருக்குள்ள ஓடுது. இது நோயோட வேலை. சும்மா இருக்குற முகத்துல இல்லாத கெட்டதப் பாக்குறது. அடுத்த தேர்வுலயும் இப்படியே இருந்தா மாத்திரையக் கூட்டித்தான் ஆகணும். பண்ணைக்கு அனுப்புறதத் தள்ளிப் போடலாம்."

மாத்திரை கூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை கூட்டினார்கள். பகலெல்லாம் தூங்கினான், கடைவாயில் எச்சில் வழிந்தது, டம்ளரைப் பிடிக்கக் கை நடுங்கியது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அது வேண்டியிருக்காது. கடையில் அவ்வளவு நீளுகிற நாக்கு அங்கே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டீச்சர் இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார், கட்டின புருஷன் பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

"நான் அவன்கிட்ட பேசிப் பாக்குறேன் டாக்டர்" என்றேன்.

பேசவும் செய்தேன். மறுநாள் மேஜையருகே, வீட்டுக்காரர் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து.

"அந்தக் கடைப் படம் வருதுல்ல, திரைச்சீலையோட. அதுக்கு சாதாரணம்னு அமுக்குடா."

"பாத்தத அமுக்கணும்னு டீச்சர் சொன்னாங்க."

"பாத்ததுதாண்டா. அது சாதாரண முகம்தான். மாமா அப்படித்தான எழுதியிருக்காரு?"

அவன் கையிலிருந்த சட்டையை மேஜையில் வைத்தான்.

"நான் தப்பா பாக்குறேனாக்கா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இத்தனை வருஷமும் அவன் என்னிடம் இதைத்தான் கேட்டு வந்திருக்கிறான். செவுத்துல நிழல் அசையுதாக்கா? அந்த ஆளு என்னத்தான் முறைக்கிறானாக்கா? இப்ப யாரோ கூப்பிட்டாங்களாக்கா? ஒவ்வொரு தடவையும் நான் உள்ளதை உள்ளபடி சொல்வேன், அவன் அதோடு விட்டுவிடுவான். டாக்டரை நம்பினதைவிட அவன் என்னை நம்பினான். வெளியில் இருப்பது எது, தனக்குள் இருப்பது எது என்று பிரித்துக்கொள்ள அவனுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

"ஆமாடா. தப்பாத்தான் பாக்குற" என்றேன்.

"சரிக்கா" என்றான்.

பாவி, அதைச் சொல்லிவிட்டு நான் போய் மத்தியானச் சமையலைக் கவனித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைச் சட்டையை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். முன்பக்கம் முழுக்கத் தேநீர் கொட்டியிருந்தது. "இது கறையாக்கா?"

"ஏண்டா, இது உனக்குத் தெரியலையா?"

"தெரியுது. ஆனா அது அங்க இருக்கான்னு தெரியல."

பிறகு எல்லாவற்றுக்கும் கேட்டான். பட்டன் அறுந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா, வாசலில் நிற்கிறவர் நிஜமாகவே நிற்கிறாரா. முணுமுணுப்பு அதிகமானது. வாடிக்கையாளர் ஒருவரின் மேஜை விரிப்பில் இஸ்திரிச் சூட்டுக்குக் கறை பழுப்பாக எழும்பி, பேச்சு வாங்கினேன். "நீ பாக்கலையா?" என்று அவனிடம் கேட்டேன்.

"பாத்தேன். தப்பா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றான்.

"நல்லாத்தான இருந்தான், இவனுக்கு என்ன ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர். எனக்கென்ன தெரியும் என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். நான் மூடிக்கொண்டது என் கண்ணை, இருண்டது அவனுக்கு. உறைத்தது எனக்கு. உறைத்தும் வாயைத் திறக்கவில்லை. தேர்வு முடிந்து அவன் பண்ணைக்குப் போய்விட்டால் எல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று நாளைத் தள்ளினேன்.

தேர்வு அன்று நாங்கள் மூவரும் போனோம். கணினிக்கு முன்னால் அவன் உட்கார்ந்தான், பக்கத்தில் டீச்சர், பின்வரிசை நாற்காலிகளில் டாக்டரும் நாங்களும். முகங்கள் வந்தன. முன்பெல்லாம் டக் டக்கென்று அமுக்குவான் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அன்றைக்கு ஒவ்வொரு முகத்துக்கும் விரல் பொத்தான்மேல் தயங்கியது. வெளியாள் முகங்களில் சிலதைத் தப்பவிட்டான். இருந்தாலும் தேறிவிடுகிற அளவில்தான் இருந்தது. கடைசியில் என் படம் வந்தது.

விரல் முதலில் அவமானத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை. விரலை நகர்த்திச் சாதாரணத்தை அமுக்கினான். சரியான விடை என்று பச்சை விளக்கு எரிந்தது.

என் வீட்டுக்காரர் கையே தட்டிவிட்டார். "பாத்தீங்களா, சரியாயிட்டு வருது" என்றார் டாக்டர். டீச்சர், "அடுத்த வாரமே பண்ணைக்குப் போகலாம், சந்தோஷமா?" என்று அவனிடம் கேட்டாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. மாத்திரை கூடவில்லை, வேலை கிடைத்தது, என் மானமும் பத்திரம். எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"டீச்சர்" என்றான் சின்னவன். "அங்க பூச்சி விழுந்த இலையெல்லாம் கிள்ளணும்னு சொன்னாங்க. நான் பாத்தா தப்பா இருக்கும். என் கூட யாராவது பாத்துச் சொல்வாங்களா?"

டீச்சருக்குப் புரியவில்லை. டாக்டரைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. மங்கலான கோட்டிலிருந்து தொடங்கி இத்தனை மாதம் அவர்கள் கட்டி எழுப்பினதை, ஒரு பொய்யைக் காப்பாற்ற நான் ஒரே வார்த்தையில் இடித்துப் போட்டிருக்கிறேன்.

"டாக்டர், அவன் இப்ப அமுக்குனது தப்பு" என்றேன். "முதல்ல அமுக்கிட்டு இருந்ததுதான் சரி."

"என்னம்மா சொல்றீங்க?"

"அது சாதாரண முகம் இல்ல. இவரு அத எடுத்த நேரத்துல நான் ஒரு பொய் சொல்லிட்டு நின்னேன். விடுதிக்காரம்மா, உள்ள யாருன்னு கேட்டாங்க. தம்பின்னு சொல்லல. வேலைக்கு வச்சிருக்க ஆளுன்னு சொன்னேன். போக்கிடம் இல்லாதவன், பாவம்னு வச்சிருக்கேன்னு சொன்னேன். அந்தம்மா பெரிய மனசுன்னாங்க, அதையும் வாங்கிக்கிட்டேன். இவனால எனக்குத் தலைகுனிவுன்னு இவனா நெனச்சுக்கல டாக்டர். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. இருந்தத அப்படியே பாத்தான். நான்தான் அவனக் கூப்பிட்டு, நீ தப்பா பாக்குறேன்னு சொன்னேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நானும் கீழ எழுதியிருந்ததத்தான் பாத்தேன். முகத்தப் பாக்கல" என்றார். டீச்சர் கணினியில் அந்தப் படத்தின் விடையை மாற்றினாள்.

சின்னவன் நாற்காலியில் என் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கே கேட்டுச்சுக்கா" என்றான். "நீ சொன்னது. ஆனா அது வெளிய கேட்டுச்சா, எனக்கு உள்ள கேட்டுச்சான்னு தெரியல. உன்கிட்ட கேக்கவும் பயமா இருந்துச்சு. அப்புறம் டீச்சர் அந்தப் படத்தப் போட்டாங்க. உன் முகத்தப் பாத்தேன். அப்ப வெளியதான் கேட்டிருக்குன்னு தெரிஞ்சுது."

பொத்தான்மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்புறம் நீ, தப்பா பாக்குறேன்னு சொன்னியா. அப்ப அது உள்ள கேட்டதுதான்னு நெனச்சேன். அக்கா அப்படிச் சொல்லல, எனக்குத்தான் நோய் கூடிருச்சுன்னு. அது நிம்மதியா இருந்துச்சுக்கா."

பழி சொல்கிற குரல் இல்லை அது. நடந்ததை நடந்தபடி சொன்னான். நான் அவனை அப்படிச் சொன்னேன் என்பதைவிடத் தனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்பது அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கிறது. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற நினைப்பெல்லாம் போய்விட்டது. மூக்கில் ஒழுகியதைக்கூடத் துடைக்கத் தோன்றாமல் நின்றேன்.

டீச்சர்தான் முதலில் அசைந்தாள். அவன் பக்கத்தில் குனிந்து, "உங்க பார்வை சரியாத்தான் இருக்கு. வெளியாளுங்க படத்தையும் இன்னொரு தடவ பாத்துடலாமா?" என்றாள். அவன் கணினித் திரைப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை விலக்காமல், நெற்றி, புருவம், வாய் என்று ஒவ்வொன்றாக, மேஜையில் விரித்த துணியைப் பார்ப்பது மாதிரி. நானும் முகத்தைத் திருப்பவில்லை. பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

"இப்பவும் அவமானம்தான்" என்றான். பிறகு, "சரியாக்கா?" என்று கேட்டான்.

"சரிடா" என்றேன். "சரியாத்தான் பாக்குற."

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குத் திரும்பிக்கொண்டான்.